அசிட் தொட்டியில் கராம்புத் தைலம்

கேள்வி: சின்னதாக வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். துருப்பிடித்த கம்பி, கவ்வாத்துக் கத்தி எல்லாவற்றையும் அசிட் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் சுத்தம் செய்கிறோம், துருவோடு நல்ல இரும்பும் போய்விடுகிறது. கராம்புத் தைலம் விட்டால் அரிக்காது என்று மகள் சொல்கிறாள். உண்மையா?
- வாசகர், அட்டன்

பதில்: உண்மைதான், மகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அசிட்டுக்குத் துரு எது, நல்ல இரும்பு எது என்று தெரியாது. தொட்டியில் குமிழி குமிழியாகக் கிளம்புகிறதே, அது இரும்பு கரையும்போது வெளிவரும் ஐதரசன் வாயு. தொழிற்சாலைகளில் இதைக் குறைக்க ஹெக்சமின் மாதிரியான தடுப்பான்களை அமிலத்தில் கலப்பார்கள். கராம்புத் தைலத்தில் நிறைந்திருக்கும் யூஜினோலும் அதே வேலையைச் செய்கிறது: அதன் மூலக்கூறில் உள்ள பென்சீன் வளையமும் ஒட்சிசனும் இரும்பைப் பற்றிக்கொள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் மூடி, அமிலம் இரும்பைத் தொடுவது வெகுவாகக் குறைகிறது. நம் கறுவா இலைத் தைலத்திலும் யூஜினோல்தான் அதிகம். யூக்கலிப்டஸ் தைலமும் சோதனைகளில் பலன் தந்திருக்கிறது.

ஆனால் சும்மா நாலு துளி விட்டால் தண்ணீரோடு சேராமல் தனியாக நிற்கும், முதலில் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்துக்கொள்ளுங்கள், அதையும் வெல்டிங் பொறி பறக்காத இடத்தில் வைத்துச் செய்யுங்கள். தொட்டி சூடானால் பெரும்பாலும் தைலத்தின் பிடி தளர்ந்துவிடும், அதனால் குளிர்ந்த தண்ணீரே நல்லது. எவ்வளவு தைலம் வேண்டும் என்பதை நீங்களே பார்த்துவிடலாம். ஒரே கம்பியில் இரண்டு துண்டு வெட்டி, நகைக்கடைத் தராசில் நிறுத்து, ஒன்றைத் தைலம் கலந்த அசிட்டிலும் மற்றதை வெறும் அசிட்டிலும் ஒரு மணிநேரம் போட்டுவிட்டு, கழுவிக் காயவைத்துத் திரும்ப நிறுங்கள். ஆய்வுகூடத்திலும் எடை இழப்பைப் பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். மகள் செய்வதானால் அசிட் வேண்டாம், வினாகிரியும் இரண்டு ஆணியும் எடுத்து நாள்கணக்கில் ஊறவிடட்டும்.

இன்னொன்று, இந்தப் படலத்தை நம்பிக் கம்பியை அப்படியே வெளியே வைத்துவிடாதீர்கள். தொட்டிக்குள் இருக்கும்வரைதான் அதன் காவல், நம் பனிக்கும் மழைக்கும் அன்றைக்கே மறுபடி துரு ஏறும். எடுத்தவுடன் கழுவி, சலவைச் சோடாத் தண்ணீரில் முக்கி, துடைத்து எண்ணெயோ பிரைமரோ பூசிவிடுங்கள். தைலம் கலந்தாலும் அசிட் அசிட்தான்: கையுறை, கண்ணாடி, திறந்த வெளி எல்லாம் கட்டாயம் வேண்டும், எப்போதும் தண்ணீரில்தான் அசிட்டை ஊற்ற வேண்டும்.

கவ்வாத்துக் கத்தியை மட்டும் தொட்டியில் போடவே வேண்டாம். அது கடினமாக்கிய உருக்கு, ஐதரசன் உள்ளே இறங்கினால் வாய் நொறுங்கக்கூடும். கம்பித் தூரிகையால் தேய்த்து எண்ணெய் பூசினால் போதும்.