மழைக்காலத்தில் உர வாளி நாறுவது ஏன்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடி வீடு. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் வாளியில் காய்கறிக் கழிவைச் சேர்த்து உரமாக்குகிறேன். கோடையில் நன்றாக வந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரே நாற்றம், அடியில் தண்ணீர் ஒழுகல், புழு வேறு. மீன் கழிவையும் இதிலேயே போடலாமா?

பதில்: தயவுசெய்து வாளியைக் கொட்டிவிடாதீர்கள், மீட்டுவிடலாம். அதற்கு மூச்சு முட்டுகிறது, அவ்வளவுதான். காய்கறித் தோலில் பெரும்பகுதி தண்ணீர். கோடை வெயிலில் அது ஆவியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையின் ஈரக்காற்றில் உள்ளேயே தேங்கும். காற்று புகாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகும்போதுதான் அந்த அழுகிய முட்டை வாடை வருகிறது.

பழைய சாக்கை விரித்து எல்லாவற்றையும் கொட்டுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்த்தால் ஈரம் சரி. உங்களுடையது ஒழுகும். காய்ந்த சருகைக் கலந்து கிளறிக்கொண்டே வாருங்கள், அந்தப் பதம் வரும்வரை. அப்புறம் வாளியில் நிரப்பி, மழை படாத இடத்தில் செங்கல் மேல் வையுங்கள். இனி ஒரு பங்கு கழிவு போட்டால் இரண்டு பங்கு சருகு. நுண்ணுயிருக்கு 1 பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 25 முதல் 30 பங்கு கரிமம் (கார்பன்) வேண்டும். காய்கறிக் கழிவை மட்டும் போட்டால் அவ்வளவு கரிமம் கிடைக்காது, சருகுதான் அதை ஈடுகட்டும்.

மழையில் சருகுக்கு எங்கே போவது? நம் கடற்கரையில் சவுக்குக்குப் பஞ்சமில்லை. அதன் ஊசிச் சருகு மெதுவாகத்தான் மக்கும், ஆனால் கழிவு அமுங்காமல் காற்றுக்கு வழி விடும். கொண்டுவந்து உலர்த்தி வையுங்கள். பங்குனியில் வேம்பு உதிர்க்கும்போதே நான் இரண்டு சாக்கு கட்டிவிடுவேன். தென்னை நார்க்கழிவு என்றால் நனையாததாக இருக்கட்டும்.

புழு தட்டையாக, வரிவரியாக, பழுப்பேறி இருந்தால் விட்டுவிடுங்கள். கழிவைத் தின்று சீக்கிரம் குறைக்கும். வெள்ளையாக மெலிந்து நெளிந்தால் வீட்டு ஈயின் புழு. மேலே இரண்டு அங்குலம் சருகு போர்த்துங்கள்.

மீன் கழிவு மாடி வாளிக்கு வேண்டாம், பூனையும் காக்காயும் விடாது. அதைத் தனியாக, சம எடை வெல்லத்தைப் பொடித்துக் கலந்து, பிளாஸ்டிக் டப்பாவில் கால்வாசி இடம் விட்டு மூடுங்கள். அவ்வப்போது மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். ஒரு மாதத்தில் கவிச்சி அடங்கிப் பழ வாடை வரும். இதுதான் மீன் அமிலம் என்னும் திரவ உரம். வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து மாலையில் செடிகளுக்குத் தெளியுங்கள்.