இரவில் திறந்திருக்கும் ஷட்டர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காவிரிப் படித்துறை மண்டபம் ஒன்றை இரவில் 30 விநாடி கேமராவின் ஷட்டரைத் திறந்துவைத்து, தூண்களின்மேல் டார்ச் அடித்துப் படமெடுத்தேன். தூண்கள் மங்கலாகவே விழுந்தன. நேரத்தை 60 விநாடியாக்கியபோது தெருவிளக்கால் வானம் வெளிறியதே தவிர, தூண்கள் தெளியவில்லை. காரணம் என்ன?
– வாசகர், திருவையாறு

பதில்: ஷட்டர் 60 விநாடி திறந்திருந்தாலும், ஒவ்வொரு தூணின்மேலும் டார்ச் ஒளி தங்கியது சில விநாடிகள்தான், ஆகவே தூணுக்குக் கிடைத்த ஒளி அநேகமாகக் கூடவில்லை, இடைவிடாது எரியும் தெருவிளக்கின் ஒளி மட்டும் இருமடங்காகச் சேர்ந்தது. பின்னணியின் வெளிச்சத்தை ஷட்டர் நேரமும், தூணின் வெளிச்சத்தை டார்ச் அதன்மேல் நிற்கும் நேரமும் தீர்மானிக்கின்றன; அபெர்ச்சரும் (லென்ஸ் துளையின் அளவு) ஐஎஸ்ஓவும் (கேமராவின் ஒளியுணர்வு அளவு) இரண்டுக்கும் பொது.

எனவே முதலில் டார்ச் இல்லாமல், ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப்/8 அளவில் படமெடுத்துப் பார்த்து, பின்னணி சற்று இருண்டே விழும்வரை ஷட்டர் நேரத்தைக் குறையுங்கள். பிறகு டார்ச்சைத் தூணுக்கு அருகே கொண்டுசெல்லுங்கள். தூரம் பாதியானால் ஒளி ஏறத்தாழ நான்கு மடங்காகும். கேமரா இருக்கும் திசையிலிருந்து அடித்தால் கல் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்தால்தான் உளி பட்ட மேடுபள்ளங்கள் நிழலோடு எழும். கறுப்பு உடை அணிந்து நகர்ந்துகொண்டே இருந்தால் உங்கள் உருவம் பதியாது. டார்ச்சின் முகம் மட்டும் லென்ஸின் பக்கம் திரும்பக் கூடாது. நேரம் போதாவிட்டால் தூண்தூணாக எடுத்துக் கணினியில் இணைக்கலாம் என்பார்கள். ஒரே திறப்பில் முடிப்பதுதான் இக்கலையின் சுவை என்பது என் கட்சி.

கேள்வி: விண்மீன்கள் வட்டமிடும் படத்தை எங்கள் ஊர் வயலிலிருந்து எடுக்க முடியுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: முடியும். ஆனால் வட்டங்களின் நடுவிலுள்ள துருவ விண்மீன் நம் பகுதியில் வடக்கே அடிவானத்திலிருந்து சுமார் 11 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. தென்னந்தோப்பு ஒன்று போதும், மறைத்துவிடும். நடவுக்கு நீர் கட்டிய, வடக்கே திறந்த வயல் கிடைத்தால் வட்டங்கள் நீரிலும் விழும். வானம் மணிக்கு 15 பாகை சுழல்வதால், நீண்ட வளைவுகளுக்கு 30 விநாடிப் படங்களாக ஒரு மணி நேரமேனும் தொடர்ந்து எடுத்து இணைக்க வேண்டும். நீண்ட நேரப் படங்களில் விழும் புள்ளிகளை நீக்கும், கேமராவின் இரைச்சல் குறைப்பு வசதியை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்கும் அதே அளவு நேரத்தை மறுபடி எடுத்துக்கொள்வதால் கோடுகள் துண்டுதுண்டாகும். மார்கழியென்றால் லென்ஸில் பனி படிகிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

கேள்வி: இரும்புக் கம்பளியை (மெல்லிய இரும்பு இழைச் சுருளை)க் கொளுத்திச் சுழற்றித் தீப்பொறி வட்டம் எடுக்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அறுவடை முடிந்து வைக்கோல் போர்கள் நிற்கும் ஊரில் வேண்டவே வேண்டாம், பொறிகள் பல அடி தூரம் எரிந்தபடியே பறக்கும். சிறிய எல்இடி விளக்கைக் கயிற்றில் கட்டிச் சுழற்றுங்கள். பொறி வராது, வட்டம் வரும்.