கண்ணாடிக்கு எழுதிக் கொடுக்கும் துண்டில் வரும் ‘சிலிண்டர்’: வன்னி வாசகர்கள் கேட்டவை

கே: தரம் 4 படிக்கும் மகளைப் பாடசாலைப் பரிசோதனையில் கண் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். துண்டில் இரண்டு கண்ணுக்கும் -1.00 / -2.25 × 180 என்று இருக்கிறது. அஸ்டிக்மாட்டிசமாம். கடுமையானதா?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

ப: முதல் எண் ஸ்பியர், எல்லாத் திசைக்கும் ஒரேயளவான பவர். மைனஸ் என்பதால் தூரத்தில் இருப்பவை மங்கும். இரண்டாவதான சிலிண்டர்தான் அஸ்டிக்மாட்டிசத்தின் அளவு. மூன்றாவது அக்சிஸ், அந்தச் சிலிண்டரை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்பது. 180 படுக்கை, 90 நிலைக்குத்து. கருவிழியின் முன்படலமான கோர்னியா ஒரு திசையில் கூடவும் மற்றத் திசையில் குறையவும் வளைந்திருந்தால் அஸ்டிக்மாட்டிசம் வரும். சிலிண்டர் அக்சிஸுக்குக் குறுக்குத் திசையில்தான் வேலை செய்யும். ஆகவே உங்கள் மகளுக்குப் படுக்கைத் திசையில் 1.00 போதும், நிலைக்குத்துத் திசையில் 3.25 வேண்டும்.

சிலிண்டர் 1.00-க்குள் என்றால் இலேசு, 2.00 வரை நடுத்தரம், 3.00 வரை கூடியது, அதற்குமேல் மிகக் கூடியது என்று பொதுவாகப் பிரிப்பார்கள். அந்தக் கணக்கில் 2.25 கூடியதுதான். ஆனால் பயப்படுவதா இல்லையா என்பதைச் சொல்வது வேறோர் எண்: கண்ணாடி போட்ட பிறகு அட்டையில் எந்த வரி வரை வாசிக்கிறாள்? சாதாரணப் பார்வையான 6/6 வாசித்தால் 2.25 பெரிய சங்கதி இல்லை. 6/12-உடன் நின்றுவிட்டால் 1.50 கூடக் கவனிக்க வேண்டியது. துண்டில் இது எழுதியிருக்காவிட்டால் கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளில் அவசரம் இதனால்தான்: சிலிண்டர் ஒன்றரைக்கு மேல் இருந்து கண்ணாடி போடாமல் விட்டால், தெளிவான உருவத்தைப் பார்த்துப் பழகாத மூளை பிற்பாடு கண்ணாடி கொடுத்தாலும் தெளிவாகப் பார்க்காது. சோம்பேறிக் கண் என்பது இதுவே. ஏழெட்டு வயதுக்குள் திருத்துவது மிகச் சுலபம். அதற்குப் பிறகும் பலன் உண்டு, ஆனால் நாள் கடத்தக்கூடாது. சோதனைக்குக்கூட வகுப்புக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம் என்று விடாதீர்கள். காலையில் எழும்பியதிலிருந்து படுக்கும்வரை போட வேண்டும். பவர் பார்க்கும்போது கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டார்களா என்றும் கேளுங்கள். பிள்ளைகளின் கண் தானாகவே குவித்துக் கொடுப்பதால் சொட்டு விடாமல் எடுத்த அளவு பிசகலாம். லென்ஸ் பொலிகாபனேட் ஆக இருந்தால் பந்து பட்டாலும் இலகுவில் உடையாது.

கே: ஆசுபத்திரித் துண்டில் -2.50 / +1.00 × 90. கடைக்காரர் பார்த்து எழுதியதில் -1.50 / -1.00 × 180. யார் பிழை?
– மாங்குளம்

ப: ஒருவரும் இல்லை. இரண்டும் ஒரே கண்ணாடி. ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டினால் புதிய ஸ்பியர் வரும். சிலிண்டரின் குறியை மாற்றுங்கள். அக்சிஸை 90 பாகையால் திருப்புங்கள். ஒரு துண்டிலிருந்து ஸ்பியரையும் மற்றத் துண்டிலிருந்து சிலிண்டரையும் எடுத்து வெட்டினால்தான் வில்லங்கம்.

கே: புதுக் கண்ணாடி போட்டால் நிலம் சரிவாகத் தெரிகிறது. வயல் வரம்பில் கால் வைக்கப் பயமாக இருக்கிறது. சிலிண்டர் 3.00.
– விவசாயி, மல்லாவி

ப: முதன்முதலாகச் சிலிண்டர் போடுபவருக்கோ, அக்சிஸ் மாறியவருக்கோ ஒன்றிரண்டு கிழமை இப்படி இருக்கும். அதுவரை மோட்டார் சைக்கிளும் ஏணியும் வேண்டாம். இரண்டு கிழமை தாண்டியும் மாறாவிட்டால் கண்ணாடியைச் சந்தேகியுங்கள்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து லென்ஸினூடாகக் கதவு நிலையின் ஓரத்தைப் பாருங்கள். கண்ணாடியை மெல்லச் சுழற்றும்போது லென்ஸினுள் தெரியும் கோடு சாய்ந்தால் சிலிண்டர் இருக்கிறது. சாயவே இல்லையென்றால் வெறும் ஸ்பியரை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சந்தையில் விற்கும் ஆயத்த வாசிப்புக் கண்ணாடிகளிலும் சிலிண்டர் இருக்காது.

சிலிண்டர் இருக்கிறது, ஆனால் கோணம் சரியா? அதைக் கடையில் லென்ஸ்மீற்றரில் வைத்து உங்கள் முன் அளக்கச் சொல்லுங்கள். 0.75 சிலிண்டரில் 10 பாகை பிசகினால் மிஞ்சும் பிழை கால் பவரளவு, பலர் உணரவே மாட்டார்கள். உங்கள் 3.00-இல் அதே 10 பாகைக்கு ஒரு பவருக்கு மேல் பிழை வரும். 30 பாகை பிசகினால் கண்ணாடி போட்டதற்கே அர்த்தமில்லை. உங்களுக்கு இரண்டு மூன்று பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது.

வட்டச் சட்டமா எடுத்தீர்கள்? திருகாணி இளகினால் வட்ட லென்ஸ் சட்டத்துக்குள்ளேயே சுழலும், துடைக்கும்போதுகூட. கூடிய சிலிண்டருக்கு மூலையுள்ள சிறிய சட்டமே நல்லது. விளிம்புத் தடிப்பும் குறையும். சட்டத்தின் காதுக் கம்பி வளைந்து ஒரு பக்கம் தாழ்ந்து நின்றாலும் கோணம் போய்விடும்.

கே: வயது 19. மூன்று வருடத்தில் சிலிண்டர் 1.25-இலிருந்து 4.00 ஆகிவிட்டது. கண் எப்போதும் கடிக்கும். லேசர் செய்யலாமா?
– நெடுங்கேணி

ப: இப்போது வேண்டாம். இந்த வேகத்தில் ஏறுவது கெரட்டோகோனஸ் ஆக இருக்கலாம்: கோர்னியா மெலிந்து கூம்பாகத் தள்ளும். அதன்மேல் லேசர் செய்தால் மெலிந்ததை இன்னும் மெலிய வைப்பதாகிவிடும். மாவட்ட வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் காட்டி, கோர்னியாவின் வளைவைப் படமாக்கும் ‘கோர்னியல் டொப்பொகிராபி’ எடுக்க யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கோ கடிதம் கேளுங்கள். நோய் ஏறிக்கொண்டிருந்தால் ரைபோஃபிளேவின் சொட்டும் புற ஊதாக் கதிரும் கொண்டு கோர்னியாவை இறுக்கும் குறொஸ்லிங்கிங் சிகிச்சை அதை நிறுத்தவே செய்யப்படுகிறது, கண்ணாடியைக் கழற்றுவதற்கல்ல. பார்வைக்குக் கடினமான ‘ஆர்ஜிபி’ கொண்டாக்ட் லென்ஸ் பின்னர் உதவும்.

இன்றே செய்ய வேண்டியது, கண்ணைக் கசக்குவதை விடுவது. சூடடிப்புத் தூசிக்குக் கடித்தால் குளிர்ந்த ஈரத்துணியை மூடிய கண்மேல் வையுங்கள். பாமசியில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் சொட்டு கண்ணழுத்தத்தை ஏற்றிவிடும்.

கெரட்டோகோனஸ் இல்லாதவர்களுக்கு, 18 வயது தாண்டி ஒரு வருடமாவது பவர் மாறாமல் நின்று, கோர்னியா தடிப்பும் போதுமானால் லேசரைப் பற்றி யோசிக்கலாம்.

கே: கலியாணத்துக்குக் கொண்டாக்ட் லென்ஸ் போட ஆசை. சிலிண்டர் 1.75.
– கிளிநொச்சி

ப: சிலிண்டரும் சேர்ந்த ‘டொரிக்’ லென்ஸ் என்று கேளுங்கள், சாதாரண லென்ஸ் போதாது. கிணற்றுத் தண்ணீரிலோ குழாய்த் தண்ணீரிலோ ஒருபோதும் கழுவாதீர்கள், போட்டபடி குளிக்காதீர்கள். தண்ணீரில் வாழும் அகந்தமீபா கோர்னியாவில் புண் போட்டால் பார்வையே போகலாம். ஒரு நாளைக்குப் போட்டு எறியும் வகையே கலியாண வீட்டுக்குப் பொருத்தம்.

கே: அம்மாவுக்குக் கண்புரை, அத்தோடு கண்ணில் சதையும் வளர்ந்திருக்கிறது. அஸ்டிக்மாட்டிசத்தையும் சேர்த்து எடுக்கலாமா?
– பூநகரி

ப: சதை கோர்னியாவை ஏறிப் பிடித்திருந்தால் அதுவே சிலிண்டரை உண்டாக்கும். முதலில் சதையை எடுத்து, குறைந்தது ஒரு மாதமாவது ஆறவிட்டு, பிறகே கண்புரையை எடுத்துக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கு அளவு எடுக்க வேண்டும். மாறி எடுத்தால் லென்ஸ் பவர் பிசகும். அதற்குப் பிறகும் கோர்னியாவில் ஒன்றேகால் அளவு மிஞ்சினால் டொரிக் லென்ஸ் பற்றிக் கேளுங்கள். அதற்குக் குறைவென்றால் சாதாரண லென்ஸும் ஒரு கண்ணாடியும் போதும்.