டென்ட் அடிக்க எங்கே இடம்? மலைப் பயணம்: வாசகர் கேள்வி பதில்

நண்பர்கள் நாலு பேர், ஒரு கார், மூன்று நாள் லீவு. போடிமெட்டு ஏறி மூணாறு பக்கம் சுற்றிவிட்டு, வழியில் பிடித்த இடத்தில் டென்ட் அடித்துத் தூங்கி, காலையில் மலை ஏறலாம் என்று திட்டம். டென்ட் வாங்கியாச்சு. சரிப்பட்டு வருமா?
*- ஒரு வாசகர், மதுரை*

பயணம் சரிப்பட்டு வரும், "பிடித்த இடத்தில் டென்ட்" மட்டும் வராது. அந்தப் பக்கம் நீங்கள் பார்க்கும் நிலம் பெரும்பாலும் ஒன்று வனத்துறையுடையது, இல்லையென்றால் ஏதாவது ஒரு எஸ்டேட்டுடையது. அதைவிட முக்கியம், சூரியநெல்லி, சின்னக்கானல், ஆனையிறங்கல் அணைப் பகுதி முழுக்க யானை நடமாட்டம் உள்ள இடம். அரிக்கொம்பனை நினைவிருக்கும், சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற யானை. 2023 ஏப்ரலில் கேரள வனத்துறை பிடித்துப் பெரியாறு பக்கம் கொண்டுபோய் விட்டது, அடுத்த மாதமே கம்பத்துக்குள் வந்து நின்றது, கடைசியில் ஜூனில் தமிழ்நாடு வனத்துறை பிடித்து களக்காடு முண்டந்துறையில் விட்டது. அது போய்விட்டாலும் மற்ற யானைகள் அங்கேதான் இருக்கின்றன. அரிசியும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு ரோட்டோரம் ஒரு துணிக்கூடாரத்தில் நீங்கள் படுத்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

முதலில் ராத்தங்கலை முடிவு செய்யுங்கள், மற்றதையெல்லாம் அதைச் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம். முதல் நாள் மதுரை, தேனி, போடி, பூப்பாறை வழியாக சூரியநெல்லி. அங்கே பட்டா நிலத்தில் கேம்ப் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். உரிமம் இருக்கிறதா, வேலி இருக்கிறதா, கழிப்பறை எங்கே, சொந்த டென்ட்டுக்கு இடம் தருவார்களா, இவற்றைப் போனிலேயே கேட்டுவிடுங்கள். விடியுமுன் ஜீப்பில் கொழுக்குமலை. மலை தமிழ்நாட்டில் இருக்கிறது, ஜீப் பாதை கேரளப் பக்கமிருந்து. சுமார் 12 கிலோமீட்டர்தான், ஆனால் முழுக்கக் கல்லும் குழியும், உங்கள் காரை அதில் விடாதீர்கள், விடவும் மாட்டார்கள்.

இரண்டாம் ராத்திரிக்கு என் தேர்வு மீசைப்புலிமலை. 2,640 மீட்டர், மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயரமான சிகரங்களில் ஒன்று. கேரள வன வளர்ச்சிக் கழகம் அடிவாரத்தில் டென்ட், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் சேர்த்துத் தருகிறது, முன்பதிவு கட்டாயம். ஏறும்போது புல்வெளியும் சோலைக்காடும் மாறி மாறி வரும், சோலையோரம் சிவப்பாகப் பூத்திருப்பது காட்டுப்பூவரசு. ஏற்றத்தில் வியர்வையில் பனியன் ஊறிவிடும், உச்சியில் காற்று அடித்ததும் அந்த ஈரம் உடம்பை நடுங்க வைக்கும். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டாம், சீக்கிரம் காய்கிற துணி போட்டுக்கொள்ளுங்கள், பையில் ஒரு உலர்ந்த சட்டை தனியாக பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும். அப்புறம், கொழுக்குமலையிலிருந்தே முகட்டைப் பிடித்து மீசைப்புலிமலைக்கு நடந்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

திரும்பும்போது மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டை இறங்கி, பழனி, திண்டுக்கல் என்று மதுரை வந்துவிடலாம். மறையூரில் பாறை மேல் இருக்கும் முனியறைகளை, அதாவது பழங்காலக் கற்திட்டைகளை, பார்க்காமல் வராதீர்கள். சின்னாறு ரோட்டைப் பகல் வெளிச்சத்திலேயே கடந்துவிடுங்கள், நடுவில் இறங்கிப் படம் எடுக்க வேண்டாம்.

போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு என்கிறார்கள். மலை ஓட்டிப் பழக்கமில்லை, பயமாக இருக்கிறது.
*- ஒரு வாசகி, விருதுநகர்*

ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், வண்டியை இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடாகி, தேவைப்படும்போது பிடிக்காமல் போகும். கருகின வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். மூடுபனியில் ஹை பீம் போட்டால் பனிதான் பளிச்சென்று தெரியும், ரோடு தெரியாது. லோ பீம் போதும்.

பிள்ளைகளுக்குக் கோடை லீவு விடுவதற்கு முன்னால், மார்ச்சில் போகலாமா?
*- ஒரு வாசகர், தேனி*

மார்ச் வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் நடந்தது தேனிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காய்ந்த புல்லில் பிடித்த தீ சூழ்ந்தது, 23 பேர் இறந்துபோனார்கள். காட்டுத்தீ காற்றோடு மேல்நோக்கி ஓடும்போது மனிதன் ஓடி ஜெயிக்க முடியாது. அதற்கப்புறம்தான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. தீக்காலத்தில் பாதைகளை மூடினால் அதைக் குறுக்குவழியில் தாண்ட நினைக்காதீர்கள், தயவுசெய்து. இரவிகுளம் பூங்காவையும் வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். அக்டோபர் முதல் ஜனவரி வரை நல்ல காலம், வடகிழக்குப் பருவமழை வலுக்கிற நாட்களை மட்டும் தவிர்த்துவிட்டு. டிசம்பர் கடைசியில் மூணாறில் உறைபனி விழும், பிள்ளைகளுக்குக் குல்லாவும் கம்பளியும் எடுங்கள். நீலக்குறிஞ்சிக்கு 2030 வரை காத்திருக்க வேண்டும், அதற்காகத் தேதி பார்க்காதீர்கள்.

பக்கத்திலேயே பகல் நடை போதும் என்றால், தமிழ்நாடு அரசே 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு செய்கிற வசதியும் வைத்திருக்கிறது. கூட வருகிறவர்கள் அந்தந்த மலைப் பழங்குடி, கிராமத்து இளைஞர்கள். காலடித்தடத்தைப் பார்த்தே என்ன விலங்கு, எப்போது போனது என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளைகளை அவர்கள் பக்கத்திலேயே நடக்கவிடுங்கள்.

அட்டைக்கு என்ன செய்வது?
*- ஒரு வாசகி, கோவை*

பேன்ட் நுனியை சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸ் மேல் உப்புத்தூளோ புகையிலைப் பொடியோ தடவிக்கொள்ளுங்கள். கடித்திருந்தால் பிய்த்து இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும், அது உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால்தான். சோப்பு போட்டுக் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.