முதல் போர் விமான மாடல்: ஸ்பிட்ஃபயரா, தண்டர்போல்ட்டா?

கேள்வி: ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானங்களில் மேல் இறக்கை ட்ரெயினர் (பயிற்சி விமானம்) ஓட்டிப் பழகியாகிவிட்டது. ஐலரான் (பக்கவாட்டில் சாய்க்க இறக்கையில் இருக்கும் அசையும் பலகை) உள்ள நாலு சேனல் விமானத்தையும் இப்போது தடுமாறாமல் இறக்குகிறேன். அடுத்து இரண்டாம் உலகப்போர் விமானம் ஒன்று வாங்க வேண்டும், மனசு முழுக்க ஸ்பிட்ஃபயர்தான். வாங்கலாமா?

பதில்: வாங்குங்கள், ஆனால் இரண்டாவதாக. அந்த நீள்வட்ட இறக்கையின் அழகுக்கு ஈடு இல்லை என்பதில் எனக்கும் சந்தேகமே கிடையாது. சிக்கல் பெரும்பாலும் தரையில்தான் வரும். ஸ்பிட்ஃபயரின் சக்கரக் கால்கள் உடம்பை ஒட்டித் தொடங்கி வெளிப்பக்கமாக மடங்குபவை, அதனால் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இடைவெளி குறைவு. ஓடுதளத்தில் கொஞ்சம் கோணலாக இறங்கினாலோ பக்கக் காற்று தள்ளினாலோ இறக்கை நுனி தரையில் உரசி விமானம் சுற்றிக்கொள்ளும். ஜெர்மனியின் பிஎஃப் 109க்கும் இதே குறை உண்டு, நிஜ விமானத்தை ஓட்டியவர்களையே அது பாடாய்ப் படுத்தியது.

பி-47 தண்டர்போல்ட்டைப் பாருங்கள். கால்கள் இறக்கையில் நன்றாகத் தள்ளி நின்று உள்பக்கமாக மடங்குகின்றன, நிற்கும்போதே அகலமாக நிற்கும். மூக்கும் பருமன் என்பதால் பேட்டரியை முன்னால் தள்ளி வைக்க இடம் கிடைக்கும். பி-51 மஸ்டாங்கின் கால்களும் அகலம்தான். இதைவிட எளிதாக வேண்டுமென்றால் டி-28 ட்ரோஜன். அதற்கு மூக்குச் சக்கரம் இருப்பதால் தரையில் நேராக ஓடும், குப்புற விழுவதும் குறைவு. அது இரண்டாம் உலகப்போர் விமானம் இல்லை என்பது உண்மை, 1949ல் முதன்முதலில் பறந்த அமெரிக்கப் பயிற்சி விமானம், ஆனால் வியட்நாமில் தாக்குதலுக்கும் போனது. நீங்கள் கேட்டதற்கு என் பதில்: பறக்கும் இடம் சமதளமாக இருந்தால் தண்டர்போல்ட், தரையிறக்கத்தில் இன்னும் பயம் இருந்தால் ட்ரோஜன்.

அளவு விஷயத்தில், இறக்கை நீளம் நுனிக்கு நுனி 1.2 மீட்டரை ஒட்டி இருக்கட்டும். ரொம்பச் சின்னது என்றால் காற்றில் அலைபாயும், கண்ணுக்கும் சீக்கிரம் மறையும். ஒரே நீளத்தில் இரண்டு மாடல்கள் கண்ணில் பட்டால் எடை குறைந்ததை எடுங்கள், மெதுவாக இறங்குவது அதுதான். புல்லும் மேடுபள்ளமுமான இடத்தில் பறப்பவர்கள் மடங்கும் சக்கரத்தை மறந்துவிட்டு நிலையான கால்களோடு போவது நல்லது.

கேள்வி: பெட்டியில் வந்ததை எல்லாம் கோர்த்துவிட்டேன். பறக்கவிடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் புரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். மேசை மேல் செட்டிங் பார்க்கும்போது மோட்டார் தவறிச் சுற்றினால் விரல் போய்விடும், இதில் விளையாட்டே வேண்டாம்.

அப்புறம் சி.ஜி. என்கிற ஈர்ப்பு மையம். மற்ற செட்டிங் எல்லாம் கொஞ்சம் பிசகினாலும் டிரிம் பண்ணி (டிரான்ஸ்மிட்டரில் சின்னத் திருத்தம் கொடுத்து) இறக்கிவிடலாம், சி.ஜி. பின்னால் போனால் விமானம் கைக்குள் அடங்காது, எலிவேட்டரை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையை, தொட்டாலே துள்ளும். கையேட்டில் சொல்லும் புள்ளியை இறக்கையில் குறித்துக்கொள்ளுங்கள், முதல் பறப்புக்கு அதிலிருந்து ஒரு சில மில்லிமீட்டர் முன்னாலேயே இருக்கட்டும். கீழ் இறக்கை விமானம் என்பதால் அதைத் தலைகீழாகத் திருப்பி விரல்களில் நிறுத்தினால்தான் ஆடாமல் நிற்கும். பேட்டரி, புரொப்பெல்லர் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். கார்சேர் மாதிரி சக்கரம் பின்னோக்கி மடங்கும் விமானம் என்றால் மடக்கிய நிலையிலும் ஒருமுறை பாருங்கள். சரியாக வரவில்லையா? பேட்டரியை நகர்த்துங்கள், போதாவிட்டால் மூக்கில் ஈயம் வையுங்கள். எடை கூடுகிறதே என்று தயங்க வேண்டாம்.

பிறகு திசைகள். விமானத்தின் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது ஐலரான் மேலே எழ வேண்டும், ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே. அசைவின் அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் கையேட்டோடு ஒப்பிடுங்கள். எக்ஸ்போ, அதாவது ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் செட்டிங், 20 முதல் 30 சதவீதம் போதும். இதில் ஒரு எச்சரிக்கை: சில டிரான்ஸ்மிட்டர்களில் ஸ்டிக்கை மென்மையாக்க மைனஸ் போட வேண்டும், சிலவற்றில் பிளஸ். திரையில் வரும் வளைகோடு நடுவில் தட்டையாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கடைசியாக ரேஞ்ச் செக் (சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்ற சோதனை), ஃபெயில்சேஃப் (சிக்னல் அறுந்தால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்ற செட்டிங்). சிக்னல் போனால் மோட்டார் நிற்க வேண்டும்.

கேள்வி: த்ராட்டில் (மோட்டார் வேகம்) கொடுத்ததும் இடப்பக்கம் இழுக்கிறது, எழுந்தவுடன் ஒரு இறக்கை சரிந்து விழுகிறது. ஏன்?

பதில்: புரொப்பெல்லர் வழக்கமாகப் பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் சாய்க்கும், சுழன்று வரும் காற்றும் வாலைத் தள்ளி மூக்கை இடப்பக்கம் திருப்பும். சட்டென்று முழு த்ராட்டில் கொடுத்தால் இதெல்லாம் ஒரே சமயத்தில் வந்து சேரும். காற்றுக்கு எதிராக நிறுத்தி, எலிவேட்டரைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, நிதானமாக த்ராட்டிலை ஏற்றுங்கள், கூடவே மூக்கை வலப்பக்கம் திருப்ப வலது ரட்டர் (செங்குத்து வால் பலகை). வால் எழுந்த பிறகும் அவசரப்பட்டு இழுக்காமல் வேகம் சேர விடுங்கள்.

இறக்கை சரிவது ஸ்டால், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழப்பது. வேகம் சேராமல் இழுத்ததால் வந்தது. ட்ரெயினர் இந்த இடத்தில் மூக்கை மட்டும் மெல்லத் தாழ்த்தும், போர் விமானமோ நுனி குறுகிய இறக்கையும் கூடுதல் எடையும் உள்ளது, ஒரு பக்க நுனி முதலில் விட்டுவிடும். தரையிறங்க வரும்போது கடைசித் திருப்பத்தில் இது இன்னும் ஆபத்து. உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்த்துத் திரும்பினால் இறக்கை தாங்கும் சுமை இரண்டு மடங்கு, ஸ்டால் வேகமும் 40 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். அதனால் அகலமாகத் திரும்புங்கள், தரையைத் தொடும் வரை கொஞ்சம் த்ராட்டில் வைத்திருங்கள். நல்ல உயரத்தில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து உங்கள் விமானம் எப்படி ஸ்டால் ஆகிறது என்று முதல் நாளே பார்த்துக்கொள்வது அவசியம்.

கேள்வி: லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் எவ்வளவு நேரம் பறக்கலாம்?

பதில்: முதலில் டைமரை நாலு நிமிடம் வையுங்கள். இறக்கிய பிறகு ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் சரி, மிச்சம் அதிகமாக இருந்தால் அடுத்த முறை அரை நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். ஒரு செல்லுக்கு முழு சார்ஜ் 4.2 வோல்ட், சில நாட்கள் பறக்கப் போவதில்லை என்றால் 3.8ல் வைத்து எடுத்து வையுங்கள். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது.