வங்கி பார்க்கும் முன் உங்கள் கடன் அறிக்கையை நீங்கள் பாருங்கள்

கேள்வி: வீட்டுக் கடன் கேட்டுப் போனேன். "உங்க சிபில் சரியில்லை" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தெரிந்து நான் எந்தத் தவணையும் தவறியதில்லை. என்ன காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கரூர்

பதில்: ஸ்கோரை விட்டுவிட்டு முதலில் முழுக் கடன் அறிக்கையை, அதாவது ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். ஸ்கோர் என்பது கடனை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதற்குப் போடும் 300 முதல் 900 வரையிலான ஒரு எண், அவ்வளவுதான். அது ஏன் குறைந்தது என்பது ரிப்போர்ட்டில் ஏதோ ஒரு வரியில் இருக்கும். அந்த வரியைத்தான் தேட வேண்டும்.

வங்கி உங்களைப் பற்றி எடுத்துப் பார்த்த அறிக்கையின் பிரதியை அந்த வங்கியிடமே கேட்கலாம். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம், 21ஆம் பிரிவில் இந்த உரிமையைத் தருகிறது. வாய்மொழியாகக் கேட்காமல் எழுதிக் கொடுங்கள். கிளையில் இழுத்தடித்தால் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் நாம் 'சிபில்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் நம் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் நாட்டில் நான்கு இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2017 ஜனவரியிலிருந்து இவை ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று மாற்றி மாற்றி எடுத்தால், பைசா செலவில்லாமல் வருடம் முழுக்கக் கண்காணித்துவிடலாம். அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்கே போங்கள். மாதச் சந்தா, பிரீமியம் திட்டம் என்றெல்லாம் முன்னால் காட்டுவார்கள். அவற்றைத் தாண்டி, இலவச ஆண்டு அறிக்கை எங்கே இருக்கிறது என்று பொறுமையாகத் தேடி எடுங்கள்.

அறிக்கை வந்ததும் பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரி, போன் நம்பர் இவற்றை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். நம் ஊரில் இந்த இடத்தில்தான் குழப்பம் அதிகம். வங்கியில் 'எஸ். முருகன்', பானில் அப்பா பெயரும் சேர்ந்து விரிந்திருக்கும், ஆதாரில் இன்னொரு மாதிரி. இனிஷியலை ஆளுக்கொரு விதமாக எழுதுவதால், இன்னொருவர் கடன் உங்கள் பதிவில் ஒட்டிக்கொள்ளவும் வழி உண்டு.

அடுத்தது கடன் கணக்குகள். ஒவ்வொன்றுக்கும் கீழே மாதவாரியாகச் சின்னக் கட்டங்கள், 36 மாதங்கள் வரை இருக்கும். கட்டத்தில் 000 என்று இருந்தால் பாக்கி இல்லை என்று பொருள். எஸ்.டி.டி. என்றால் தாமதம் 90 நாளைத் தாண்டாத, ஒழுங்கான கணக்கு. 030 என்றால் அந்த மாதம் கணக்கு 30 நாள் தாமதத்தில் நின்றது. எக்ஸ்.எக்ஸ்.எக்ஸ். என்றால் கடன் கொடுத்தவர் அந்த மாதம் தகவல் அனுப்பவில்லை, அதற்காகப் பயப்பட வேண்டாம். எஸ்.யூ.பி., டி.பி.டி., எல்.எஸ்.எஸ். என்று கண்டால் அது வாராக்கடன் வகை. உடனே விசாரியுங்கள்.

நீங்கள் தவணை தவறவே இல்லை என்பதால் எனக்கு இரண்டு இடங்களில் சந்தேகம். ஒன்று, முடித்த கடன் இன்னும் முடியாததாகவே காட்டிக்கொண்டிருப்பது. இரண்டு, பயன்படுத்தாமல் பீரோவில் போட்டுவைத்த கிரெடிட் கார்டு. அதற்கு ஆண்டுக் கட்டணம் விழுந்து, அதன்மேல் வட்டி, அபராதம், ஜி.எஸ்.டி. எல்லாம் ஏறி, சில நூறு ரூபாய் பாக்கி பல மாதத் தாமதமாகப் பதிவாகியிருக்கும். கார்டை வெட்டிப் போட்டால் கணக்கு மூடாது. எழுதிக் கேட்டு, மூடியதற்கான பதிலை வாங்கி வைக்க வேண்டும்.

கேள்வி: நாமே அடிக்கடி பார்த்தால் ஸ்கோர் குறையுமாமே?
– வாசகி, தென்காசி

பதில்: குறையாது. கடன் கேட்டு நீங்கள் விண்ணப்பித்து, அதற்காக வங்கி பார்ப்பதுதான் கணக்கில் வரும். ஒரே மாதத்தில் ஐந்தாறு இடங்களில் லோன் கேட்டால் பணத்துக்கு அலைகிறார் என்று தெரியும், அதனால் ஸ்கோர் இறங்கும். 'இலவச ஸ்கோர்' காட்டும் செயலிகளில் மட்டும் கவனம் தேவை. டிக் போடும் கட்டங்களைப் படிக்காமல் சம்மதித்தால் அப்புறம் லோன் வேண்டுமா என்று போன் வந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: கொரோனா காலத்தில் வேலை போனது. கார்டு பாக்கி 1,40,000 ரூபாய். வசூல் ஆட்கள் 60,000 கட்டினால் போதும் என்றார்கள். கட்டினேன், கடிதமும் கொடுத்தார்கள். இப்போது ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று இருக்கிறது. கணக்குத்தான் முடிந்துவிட்டதே?
– வாசகர், ஆவடி

பதில்: உங்களுக்கு முடிந்துவிட்டது, கடன் கொடுத்தவருக்கு முடியவில்லை. மீதி 80,000 அவர்களுக்கு நஷ்டம், அதைத்தான் 'செட்டில்டு' என்று எழுதியிருக்கிறார்கள். முழுசாகக் கட்டி முடித்தால்தான் 'குளோஸ்டு'. புதிதாகக் கடன் கொடுப்பவர் இந்த வேறுபாட்டைத்தான் முதலில் பார்ப்பார். பணம் கட்டும்போது இதை உங்களுக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். வேலையில்லாத மனிதரிடம் பாதித் தகவலைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

இது ரிப்போர்ட்டில் உள்ள பிழை இல்லை என்பதால் புகார் கொடுத்து மாற்ற முடியாது. இப்போது வருமானம் இருந்தால், மீதித் தொகையைக் கட்டினால் 'குளோஸ்டு' என்று மாற்றித் தருவீர்களா என்று வங்கிக்கு எழுதுங்கள். வட்டியைத் தள்ளுபடி செய்து அசலோடு ஒத்துக்கொள்ளும்படியும் பேசிப் பார்க்கலாம். எழுத்தில் பதில் வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். கட்டிய பின் பாக்கி இல்லை என்ற சான்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கட்ட வசதி இல்லை என்றால் மனம் உடைய வேண்டாம். அடுத்து வரும் கடன்களை ஒழுங்காகக் கட்டிக்கொண்டே வந்தால் பழைய பதிவின் பாதிப்பு மெல்ல மெல்லக் குறையும்.

கேள்வி: என் பெயரில் 12,000 ரூபாய் பெர்சனல் லோன் இருப்பதாக ரிப்போர்ட் சொல்கிறது. நான் வாங்கவே இல்லை. எட்டு மாதம் பாக்கியாம். போன் செய்தால் "கட்டிவிட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள். சின்னத் தொகைதானே, கட்டிவிடலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: கட்டாதீர்கள். கட்டினால் அது உங்கள் கடன்தான் என்று நீங்களே ஒத்துக்கொண்டது போலாகும். எட்டு மாதத் தாமதமும் பதிவில் அப்படியே நிற்கும்.

கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: கடன் ஒப்பந்தம், அடையாளத்துக்கு வாங்கிய ஆவணங்கள், பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்ற விவரம். மூன்றாவதுதான் முக்கியம். பணம் உங்கள் கணக்குக்கு வரவில்லை என்றால் உங்கள் பக்கம் வலுத்துவிடும். பான் எண்ணை யாரோ தவறாகப் பயன்படுத்தியிருப்பதாகத் தெரிந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்தோ, தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ புகார் பதியுங்கள். அந்தப் புகாரின் நகலையும் மின்னஞ்சலோடு சேர்த்து அனுப்புங்கள்.

அதே நாளில், நீங்கள் ரிப்போர்ட் எடுத்த நிறுவனத்தின் இணையதளத்தில் அந்தக் கணக்கின்மேல் ஆட்சேபம் பதியுங்கள். அந்த நிறுவனம் தானாக எதையும் அழிக்காது. கடன் கொடுத்தவரிடம் கேட்டு, அவர் ஒத்துக்கொண்டால்தான் திருத்தும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தட்டச் சொல்வது அதனால்தான். புகார் எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள், ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் இருக்கிறது. கடன் கொடுத்தவர் 21 நாளுக்குள் திருத்திய தகவலை அனுப்பாவிட்டால் அந்தப் பணம் அவர் பொறுப்பு. அவர் அனுப்பியும் தாமதமானால் கடன் தகவல் நிறுவனத்தின் பொறுப்பு.

30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் ஏற்கும்படி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேன் எனும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் நிறுவனங்கள்மீதும் அங்கே புகார் தரலாம். விவரம் கேட்க 14448க்கு அழையுங்கள். பதிவு திருந்திய பிறகு மற்ற மூன்று நிறுவனங்களின் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். கடன் கொடுப்பவர்கள் நான்கு இடத்துக்கும் தகவல் அனுப்புவதால் தவறும் நான்கு இடத்தில் இருக்கும்.

இன்னொன்று. யாராவது உங்கள் ரிப்போர்ட்டை எடுத்தால் உங்களுக்கு எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சல் வர வேண்டும். அங்கே பழைய போன் நம்பர் இருந்தால் அது வந்து சேராது. நம்பரை இப்போதே மாற்றுங்கள்.

கேள்வி: 5,000 ரூபாய் கொடுத்தால் ஸ்கோரை 750க்கு மேல் ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.
– வாசகர், ஓசூர்

பதில்: உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்தக் கட்டணமே இல்லை. இரண்டுக்கும் நடுவில் அவருக்கு என்ன வேலை? பான் நகல், ஓ.டி.பி. எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: மகளின் கல்விக் கடனில் நானும் கையெழுத்துப் போட்டேன். மச்சானுக்கு வண்டிக் கடனில் ஜாமீன். இரண்டும் என் ரிப்போர்ட்டில் வருமா? மகளுக்கு இதுவரை ஸ்கோரே இல்லை, அது பிரச்சினையா?
– வாசகர், தேனி

பதில்: இரண்டும் வரும். கல்விக் கடனில் நீங்கள் கூட்டுக் கடன்தாரர் என்றும், வண்டிக் கடனில் ஜாமீன்தாரர் என்றும் இருக்கும். அவர்கள் தவணை தவறினால் உங்கள் பேரும் கெடும். மச்சானிடம் மாதாமாதம் கேட்பது சங்கடம்தான். அதனால் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட் உங்களுக்கும் வரும்படி வங்கியில் இப்போதே எழுதிக் கொடுங்கள். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்புகின்றன, தாமதம் சீக்கிரமே பதிவாகிவிடும்.

மகளின் படிப்பு முடிந்து தவணை தொடங்கும் மாதத்தை இருவரும் குறித்து வையுங்கள். வேலை கிடைக்காததால் தவணை நின்றுபோவது அந்தச் சமயத்தில்தான். அப்போது ஓடி ஒளியாமல், முதல் தவணை தேதிக்கு முன்பே கிளைக்குப் போய் அவகாசம் கேளுங்கள். கடன் தவணைகளில் மோசமான பதிவு இருந்த ஒருவரின் நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. வங்கி வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்கோர் இல்லாதது குற்றமில்லை. முதல்முறை கடன் கேட்பவரை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. யாராவது அப்படித் திருப்பி அனுப்பினால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.