குதிரை தோற்றது இருக்கட்டும், செக் யாரிடம்?

கேள்வி: ஐயா, எனக்கு 41 வயது. பெங்களூர் அல்சூரில் குடியிருக்கிறேன், ஜே.சி. ரோட்டில் சின்னதாக ஓர் ஆட்டோ பார்ட்ஸ் கடை. பத்து வருஷமாக ரேஸுக்குப் போகிறேன். போன வருஷம் கடைக்கு வரும் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு ‘ஐடி’ வாங்கிக் கொடுத்தார். எக்ஸ்சேஞ்ச் மாதிரி. குதிரை ஜெயிக்கும் என்றும் கட்டலாம், தோற்கும் என்றும் கட்டலாம். முன்பணம் கிடையாது, வாரா வாரம் கணக்கு. நம்பிக்கைக்கு என்று கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன் வெளியூர் ரேஸ் ஒன்றில் ஃபேவரிட் குதிரைமேல் ஐடியில் 60,000 கட்டினேன், இங்கே ரேஸ் கோர்ஸின் சொந்தப் பந்தயக் கவுண்டரான டோட்டில் 2,000. ரேஸ் ஆரம்பிக்கும் முன் பத்தே நிமிஷத்தில் எக்ஸ்சேஞ்சில் அதன் விலை, அதாவது ஜெயித்தால் ரூபாய்க்கு எவ்வளவு என்பது, 2.1இலிருந்து 4.5க்குப் போனது. ஸ்டார்ட்டில் பின்தங்கியது. கடைசி 200 மீட்டர் வரை ஜாக்கி கையை அசைக்கவே இல்லை. நான்காவதாக வந்தது. வீடியோ இருக்கிறது. இப்போது பழைய பாக்கியும் சேர்த்து 1,85,000 கேட்டு ஏஜென்ட் கடைக்கு ஆள் அனுப்புகிறார், செக்கைப் போட்டுவிடுவேன் என்கிறார். முன்பு ஜெயித்து ஐடியிலிருந்து என் கணக்குக்கு வந்த 42,000மேல் வேறு மாநில சைபர் போலீஸ் சொல்லி வங்கி லியன் வைத்திருக்கிறது, எடுக்க முடியவில்லை. கடை பில் ஒன்று போட்டுக் காட்டிவிடலாமா? ஃபிக்ஸிங் என்று கேஸ் போட்டு என் காசை மீட்க முடியுமா? வீட்டில் யாருக்கும் தெரியாது.

பதில்: உங்கள் கடிதத்தில் அந்த ஒன்றரை நிமிஷ ரேஸுக்கு இரண்டு பக்கம், செக்குக்கு ஒரு வரி. சுருக்கியது நான்தான். ஊர், குதிரை, ஜாக்கி பெயர்களையும் எடுத்துவிட்டேன், காரணம் பின்னால் வரும். உங்களுக்கு ஆபத்து குதிரையால் இல்லை, அந்தச் செக்கால். ஆனால் ரேஸைப் பேசாமல் செக்கைப் பற்றி ஆரம்பித்தால் நீங்கள் காதில் வாங்க மாட்டீர்கள். அதனால் ரேஸ் முதலில்.

ஒரே குதிரைமேல் நீங்கள் கட்டிய இரண்டு பந்தயமும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு ஜாதி. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996இல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் சொல்லிவிட்டது. கர்நாடக போலீஸ் சட்டமும் ரேஸ் பந்தயத்துக்கு விலக்குத் தருகிறது. ஆனால் அந்த விலக்கு ஒரு வேலிக்குள்தான். ரேஸ் நடக்கும் அன்றைக்கு, ரேஸ் கோர்ஸுக்குள் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் கட்ட வேண்டும். உங்கள் 2,000 வேலிக்கு உள்ளே, 60,000 வேலிக்கு வெளியே. ஆட்கள் ஏன் வெளியே போகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். கட்டும் தொகைமேல் ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பரில் 40 ஆனது. ஐடிக்காரர் வரி கேட்பதில்லை. பதிலுக்கு என்ன கேட்டார் என்று பாருங்கள்: ஒரு வெற்றுச் செக்.

சரி, ஃபிக்ஸிங். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் சந்தேகப்பட வைப்பவைதான், மறுக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் ‘லே’ என்று ஒன்று இருக்கிறதே, குதிரை தோற்கும் என்று கட்டுவது, அதுதான் இதில் விஷமம். ஒரு குதிரையை ஜெயிக்க வைக்க மற்ற பத்து ஜாக்கிகளையும் சரிக்கட்ட வேண்டும். தோற்க வைக்க ஒரே ஒரு ஜோடிக் கை கடிவாளத்தைக் கொஞ்சம் இறுக்கினால் போதும். அந்தத் தோல்வியைக் காசாக்கும் வழியைத்தான் எக்ஸ்சேஞ்ச் திறந்துவிட்டது.

ஆனால் விலை ஏறியதற்கு யோக்கியமான காரணங்களும் இருக்கும். ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடக்கில் குதிரை வியர்த்து முரண்டு பிடித்ததை யாராவது பார்த்திருக்கலாம். தரை ஈரமாகியிருக்கலாம். பெரிய புள்ளி ஒருவர் வேறு குதிரைமேல் இறங்கியிருக்கலாம். என் தாய்மாமா முப்பது வருஷம் ரேஸுக்குப் போனவர். தன் குதிரைக்கு வேகம் போதவில்லை என்று அவர் ஒரு நாளும் வீட்டுக்கு வந்து சொன்னதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் யாரோ ஒருவன் இழுத்துப் பிடித்துவிட்டான்.

இங்கிலாந்தில் 2007இல் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. ஆறு முறை சாம்பியனான ஜாக்கி கீரன் ஃபாலனும் இன்னும் சிலரும் சேர்ந்து 27 பந்தயங்களில் குதிரைகளைத் தோற்க வைக்கச் சதி செய்தார்கள், அந்தக் குதிரைகள்மேல் பெட்ஃபேர் எக்ஸ்சேஞ்சில் லே கட்டப்பட்டது என்பது குற்றச்சாட்டு. அங்கே எக்ஸ்சேஞ்ச் சட்டப்படி நடப்பது. யார், எப்போது, எவ்வளவு கட்டினார் என்ற பதிவு முழுக்க அரசுத் தரப்பின் கையில் இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து தலைமை ஸ்டுவர்டு, அதாவது ரேஸ் நடுவர், ஒருவரை வரவழைத்து ஒவ்வொரு வீடியோவையும் போட்டுக் காட்டினார்கள். அவருக்கு இங்கிலாந்து ரேஸ் விதிகள் சரியாகத் தெரியாது என்பது குறுக்கு விசாரணையில் வந்தது. ஜோக் என்னவென்றால், சந்தேகத்துக்குரிய அந்தப் பந்தயங்களில் ஃபாலன் வழக்கத்தைவிட அதிக விகிதத்தில் ஜெயித்திருந்தார். எதிர்த்தரப்பு தன் சாட்சியைத் தொடங்கவே அவசியமில்லாமல் வழக்கு விழுந்தது. அத்தனை பேரும் விடுதலை.

அவ்வளவு ஆவணம் இருந்தே அந்தக் கதி. ஃபிக்ஸிங்குக்கு ஆதாரம் ஜாக்கியின் கையில் கிடைக்காது, பெட்டிங் கணக்கில்தான் கிடைக்கும்: அந்தப் பத்து நிமிஷத்தில் லே கட்டியவர் யார், அவருக்கும் லாயத்துக்கும் என்ன பழக்கம். உங்கள் ஐடிக்காரர் அந்தக் கணக்கை யாருக்குக் காட்டுவார்? அது நிஜமான எக்ஸ்சேஞ்சா, இல்லை எல்லாப் பந்தயத்தையும் ஏஜென்டே தன் பையில் போட்டுக்கொண்டு திரையில் ஏதோ எண்ணை ஓடவிடுகிறாரா என்பதுகூட உங்களுக்குத் தெரிய வழியில்லை.

போலீஸில் மோசடிப் புகார் கொடுத்தால், பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவு, யார் என்ன பொய் சொல்லி உங்களைப் பணம் கொடுக்க வைத்தார் என்று முதலில் கேட்பார்கள். குதிரை மெதுவாக ஓடியது அதற்குப் பதில் ஆகாது. ரேஸில் போலீஸ் தலையிடுவதே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2024 ஜனவரியில் சி.சி.பி. என்ற மத்திய குற்றப் பிரிவு போலீசார் பெங்களூர் ரேஸ் கோர்ஸில் புக்கிகளின் ஸ்டால்களைச் சோதனை போட்டு 3 கோடிக்கு மேல் ரொக்கம் பிடித்தார்கள். ஆனால் அது வரி ஏய்ப்பு, கணக்கில் வராத பெட்டிங் என்ற கோணம். காகிதம் இருக்கும் இடத்துக்குத்தான் வழக்கும் போகும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டோட் டிக்கெட் வைத்திருக்கும் ஆள் என்ற முறையில் அந்த ரேஸை நடத்திய கிளப்பின் சம்பள நடுவர்களான ஸ்டைபெண்டரி ஸ்டுவர்டுகளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தேதி, ரேஸ் எண், வீடியோவில் எத்தனையாவது விநாடி என்று குறிப்பிட்டு, “இந்தக் குதிரை தன் தகுதிக்கு ஓட்டப்பட்டதா என்று விசாரிக்கப்பட்டதா?” என்று கேளுங்கள். குற்றச்சாட்டு வேண்டாம், கேள்வி போதும். பல கோணத்தில் எடுத்த படம் அவர்களிடம் இருக்கும். ஜாக்கியைக் கூப்பிட்டு விசாரிக்கவும் சஸ்பெண்ட் செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. உங்களுக்குப் பதில் வரும் என்று உத்தரவாதம் இல்லை. ஜாக்கிமேல் நடவடிக்கை வந்தாலும் உங்கள் 2,000 திரும்பாது. ரேஸ் முடிவு இறுதி என்று ‘ஆல் கிளியர்’ கொடுத்து, ஜெயித்த டிக்கெட்டுக்கு எவ்வளவு என்ற டிவிடெண்டை அறிவித்துவிட்டால் பந்தயக் கணக்கு அதோடு முடிந்தது.

அந்த வீடியோவை ஜாக்கி பெயரோடு குரூப்பில் போட்டு ‘திருடன்’ என்று எழுதுவதை மட்டும் செய்யாதீர்கள். அது அவதூறு, அதே நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, இரண்டு வருஷம் வரை போகலாம். சொன்னது உண்மை என்று நிரூபிக்க வேண்டிய பாரம் உங்கள் தலையில் விழும். நான் பெயர்களை எடுத்ததும் இதனால்தான்.

இனி உங்கள் காசு. ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்ததைக் கேட்டு யாரும் கோர்ட்டுக்கு வர முடியாது. ரேஸில் ஜெயித்த குதிரைக்குத் தரும் 500 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட பரிசுக்கு அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது, அதைக் காட்டி யாராவது உங்களைக் குழப்புவார்கள். அது குதிரைக்காரருக்கு, பந்தயம் கட்டியவருக்கு இல்லை. ஆக, தோற்ற காசை நீங்கள் மீட்க முடியாது. அதே கத்தி மறுபக்கமும் வெட்டும்: ஏஜென்டும் 1,85,000 கேட்டு உங்கள்மேல் வழக்குப் போட முடியாது.

அதனால்தான் அவர் பெட்டிங் என்றே வாயைத் திறக்க மாட்டார். செக்கில் தேதியும் தொகையும் எழுதி வங்கியில் போடுவார், திரும்பிய பிறகு “கடை விரிவாக்கத்துக்குக் கைமாற்று வாங்கினார்” என்பார். செக் சட்டம் அவருக்குச் சாதகமாக ஆரம்பிக்கிறது. கையெழுத்து உங்களுடையது என்றால், கடன் இருந்தது என்று கோர்ட் முதலில் அனுமானித்துக்கொள்ளும். 2010இல் ரங்கப்பா வழக்கில், இதே கர்நாடகத்திலிருந்து போனது, உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. வெற்றுச் செக்காகக் கொடுத்தேன் என்பதும் தப்பிக்க வழி இல்லை என்று 2019இல் பீர் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. அனுமானத்தை நீங்கள் உடைக்கலாம். கடன் கொடுக்க அவருக்கு வசதி ஏது, எப்போது கொடுத்தார், ஏன் எழுத்தில் எதுவும் இல்லை என்று கேட்டே உடைக்கலாம், கடன் இருந்திருக்காது என்று தோன்றும் அளவுக்கு இருந்தால் போதும். ஆனால் அதற்கு உங்கள் பக்கம் ஏதாவது இருக்க வேண்டும்.

இருக்கிறது, உங்கள் போனில். ஏஜென்டின் வாட்ஸ்அப் செய்திகள், வாராந்தரக் கணக்கு, ஐடியின் லாகின் விவரம், செக் போட்டோவோடு “செக்யூரிட்டிக்கு” என்று வந்த மெசேஜ் இருந்தால் அது தங்கம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. கோர்ட்டில் தாக்கல் செய்ய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதனால் அந்தப் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், வெட்கத்தில் அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். இப்படி அழித்துவிட்டு மேயோ ஹால் கோர்ட்டில் வந்து கையைப் பிசைந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரமே வங்கிக்கு அந்தச் செக் எண்ணைக் கொடுத்து ஸ்டாப் பேமென்ட் எழுதுங்கள். அதனால் மட்டும் 138ஆம் பிரிவு செக் வழக்கு வராமல் போகாது, ஆனால் செக் வங்கிக்கு வரும் முன்பே நீங்கள் மறுத்தீர்கள் என்று தேதியோடு ஒரு பதிவு இருக்கும். செக்கைத் திருப்பிக் கேட்டு ஏஜென்டுக்கு வக்கீல் கடிதமும் அனுப்பலாம். அதில் ஒரு முள் இருக்கிறது: பெட்டிங்குக்குக் கொடுத்த செக் என்று எழுதினால் நீங்களும் வேலிக்கு வெளியே விளையாடியதை ஒப்புக்கொள்கிறீர்கள். 2025இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த ஆன்லைன் கேமிங் சட்டத்தின் தண்டனை, நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணத்தைக் கைமாற்றுபவர் ஆகியோரைக் குறிவைக்கிறது, ஆடுபவரை இல்லை. மாநில போலீஸ் சட்டம் தனி. என் கணிப்பில் இரண்டு வருஷம் வரை தண்டனையும் செக் தொகைக்கு இரட்டிப்பு அபராதமும் வரக்கூடிய 138 வழக்கோடு பார்த்தால் அந்த முள் சின்னது. கடிதத்தின் வாசகத்தை மட்டும் நீங்களே எழுதாதீர்கள். கடைக்கு வரும் ஆள் மிரட்டினால் சி.சி.டி.வி. பதிவை எடுத்து வைத்து, ஸ்டேஷனில் அதை மட்டும் தனிப் புகாராகக் கொடுங்கள்.

லியன் விஷயம் சுருக்கமாக. ஐடிக்காரர்கள் யார் யாருடைய கணக்கு வழியாகவோ பணத்தைச் சுற்றுகிறார்கள். எங்கோ ஒருவர் ஏமாந்து சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்தால், அந்தப் பணம் போன கணக்குகளெல்லாம் வரிசையாகச் சிக்கும், உங்கள் 42,000 அதில் ஒரு கண்ணி. புகார் எண்ணையும் எந்த ஸ்டேஷன் என்பதையும் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். லியன் 42,000க்கு மட்டுமா, முழுக் கணக்குக்குமா என்றும் கேளுங்கள். விசாரணை அதிகாரிக்கு உள்ளதை உள்ளபடி, வக்கீலோடு உட்கார்ந்து எழுதி அனுப்புங்கள். விடுவிக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போடலாம். கடை பில்? பிரேக் ஷூ விற்றதாகப் போலி பில் போட்டால், இதுவரை பந்தயம் கட்டிய ஆளாக மட்டும் இருக்கும் நீங்கள் பொய் ஆவணம் தயாரித்தவர் ஆகிவிடுவீர்கள். அதோடு அந்த பில்லுக்கு ஜி.எஸ்.டி. கணக்கும் காட்ட வேண்டிவரும். அதை மறந்துவிடுங்கள்.

கடைசியாக, வீட்டில் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். செக் திரும்பினால் 30 நாளுக்குள் ஏஜென்ட் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது உங்கள் கைக்கு வந்த 15 நாளுக்குள் நீங்கள் பணம் கட்ட வேண்டும், தவறினால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் கோர்ட்டுக்குப் போகலாம். அந்த நோட்டீஸ் தபாலில் அல்சூர் வீட்டு முகவரிக்கு வரும், நீங்கள் கடையில் இருக்கும் பகல் நேரத்தில். விஷயம் தெரியாமல் உங்கள் மனைவி “அவர் இல்லைங்க, வேண்டாம்” என்று திருப்பி அனுப்பிவிட்டாலும், சரியான முகவரிக்கு வந்த நோட்டீஸ் உங்களுக்குக் கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், 15 நாள் ஓட ஆரம்பித்துவிடும். தபால்காரர் வருவதற்குள் மனைவியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.